இருநூற்றுப் பன்னிரண்டாவது சோதனை

லிஃப்டில் கதவை மூடும் பொத்தான் இருக்கிறதே, எங்கள் கம்பெனி பராமரிக்கும் லிஃப்டுகளில் பாதிக்கு அது எதனுடனும் இணைக்கப்பட்டிருக்காது. கதவு தன் நேரத்துக்குத்தான் மூடும். ஆனால் பொத்தானை எடுத்துவிட்டால் ஜனங்கள் புகார் எழுதுவார்கள். இருந்தால் நாலு தடவை குத்திவிட்டு, தாங்கள்தான் மூடினோம் என்ற நிம்மதியோடு மேலே போவார்கள். பதினாறு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன். இதை ஒரு தப்பாக நான் நினைத்ததே இல்லை.

தண்ணீர் போதும், இன்ஸ்பெக்டர் மேடம். நான் பதற்றமாக இல்லை.

என் தம்பியின் ஃபைலை எட்டு மாதத்துக்கு முன்பே மூடிவிட்டதாகச் சொன்னீர்கள். வலிப்பு வந்து இறந்தான், இயற்கை மரணம், யார் மேலும் சந்தேகம் இல்லை. மூடின ஃபைலை ஏன் நானே வந்து திறக்கச் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், ஆனால் சிக்கல் ஒன்றும் இல்லை. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் அவனுக்குச் சுண்டு என்று பெயர். ஆறடி வளர்ந்த பிறகும் சுண்டுதான். அவனுக்குப் பதினொரு வயது, எனக்குப் பதினாறு இருக்கும்போது எங்கள் வீட்டில் டி.வி.யோடு மாட்டி விளையாடும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அதில் அவனுக்குப் பிடித்தது ஒரே ஒரு ஆட்டம். ஒரு சின்ன ஆள் கையில் தீப்பந்தத்தோடு கலங்கரை விளக்கத்தின் மேல் ஏற வேண்டும். பதினேழு மாடி. வெளியே புயல். மேலே போகப் போக மின்னல் அதிகமாகும். மின்னல் வெட்டும்போதெல்லாம் திரை முழுக்க வெள்ளையும் கறுப்புமாக மாறி மாறி அடிக்கும். உச்சிக்குப் போய் விளக்கை ஏற்றினால் ஆட்டம் முடிந்தது.

ஒரு பகலில், பதினாறாவது மாடியில், அவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். கை கால் வெட்டி இழுத்தது. வேண்டுமென்று செய்கிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவன் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டினான். "எனக்கு இங்க உசிரு போகுது, இவன் பல்லக் காட்டிட்டு நிக்கிறான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். கோபமாக இல்லை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

மின்னி மின்னி அடிக்கும் வெளிச்சம் அவனுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். அம்மா அந்தப் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் போட்டாள். அதற்குப் பிறகு மாத்திரை, தினமும் காலையில். அவனுக்கு வண்டி ஓட்டும் உரிமம் கிடைக்கவில்லை. வேலை செய்த இடத்தில் விழுந்ததால் இரண்டு வேலை போனது. அதற்கெல்லாம் அவன் மூக்கைச் சிந்தியதில்லை. மனசு சரியில்லாத நாளில் மட்டும் ஒன்று சொல்வான். "இன்னும் ஒரே ஒரு மாடிண்ணா. அந்த விளக்க மட்டும் ஏத்தியிருந்தேன்னா."

எனக்கு அவன்மேல் உயிர். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் வேலையில் சேர்ந்த பிறகு கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். கைக்குப் பழகியதும் எமுலேட்டர் ஒன்று எழுத ஆரம்பித்தேன். எமுலேட்டர் என்றால் வேறொன்றுமில்லை, மேஜைமேல் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டருக்கு அந்தச் சாம்பல் பெட்டியைப் போல நடிக்கச் சொல்லிக்கொடுப்பது. பெட்டி எப்படி யோசிக்குமோ அப்படி யோசித்து, பெட்டி எதைக் காட்டுமோ அதைக் காட்டும். ஒரே ஒருத்தனுக்காக எழுதினேன். அவன் பதினொரு வயதில் விட்ட இடத்திலிருந்து ஏற வேண்டும், மின்னல் மட்டும் அவன் கண்ணில் படக்கூடாது.

அதற்கு ஒரு ஏற்பாடு செய்தேன். திரையில் விநாடிக்கு அறுபது படம் ஓடும், ஒவ்வொன்றுக்கும் ஃபிரேம் என்று பெயர். என் நிரல் ஒவ்வொரு ஃபிரேமையும் உடனே காட்டாமல் கையில் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்தது என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்கும். கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தாவுகிறது என்றால் இரண்டையும் மங்கலான சாம்பலாக்கி அனுப்பும். மெனுவில் அதற்கு ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். சுண்டுதான் பெயர் வைத்தான், குடை என்று. மின்னலுக்கு நனையாமல் இருக்கக் குடை.

முதல் முறை அவன் அதில் விளையாடியபோது அவனுக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணமாகி நாலு மாதம். அவன் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள், எதையும் முறையாகச் செய்கிறவள். அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும் என்றால் சக்கரம் இல்லாத நாற்காலி, இரண்டு பக்கமும் தரையில் தலையணை, கதவுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடாது என்று சட்டம் போட்டாள். ஞாயிறுதோறும் ஏழு நாளுக்கான மாத்திரையை ஏழு அறை உள்ள டப்பாவில் பிரித்துப் போடுவாள். "உனக்குப் பயந்தே எனக்கு வலிப்பு வர மாட்டேங்குதுன்னு மாமாகிட்டச் சொல்லு" என்று என் எதிரிலேயே அவளைச் சீண்டுவான். அவளும் விட மாட்டாள். "வந்துதான் பாக்கட்டுமே, அதுக்கும் ஒரு டோக்கன் குடுத்து வெளிய உக்கார வச்சுடறேன்" என்பாள்.

ஏழு வருடம் அவன் விளையாடினான். ஒரு தடவைகூடக் கண் இருட்டவில்லை. ஆனால் விளக்கை ஏற்ற முடியவில்லை. பதினேழாவது மாடியில் கடைசித் தாவலுக்குப் பொத்தானை அழுத்த வேண்டிய கணம் ஒரே ஒரு ஃபிரேம்தான். குடை ஒரு ஃபிரேமைப் பிடித்து வைப்பதால் அவன் பார்ப்பது எப்போதும் ஒரு ஃபிரேம் பழையது. ஒவ்வொரு தடவையும் விளிம்பில் கால் பட்டு விழுவான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அந்த ஒரு ஃபிரேம் அவனுக்கும் தடையாகத்தான் இருந்தது.

இதற்குள் எமுலேட்டரை நான் இணையத்தில் போட்டிருந்தேன். ஆட்கள் வந்தார்கள். முதலில் பத்து, பிறகு ஆயிரம். நாள் முழுக்க மோட்டார் அறையில் கிரீஸும் கையுமாக நின்றுவிட்டு வருகிற ஒருத்தனுக்கு, முன்பின் தெரியாதவர்கள் உங்கள் வேலை அற்புதம் என்று எழுதுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. கொஞ்சம் தலைக்கேறியது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

இந்த எமுலேட்டர் உலகத்தில் தராசு என்ற புனைபெயரில் ஒருவர் இருக்கிறார். யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எந்த எமுலேட்டர் அசல் பெட்டிக்கு எவ்வளவு நெருக்கம் என்று சோதித்துப் பட்டியல் போடுவார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு சோதனை. என்னுடையது இருநூற்றுப் பதினொன்றில் தேறியது. ஒன்றரை வருடம் அங்கேயே நின்றது. என் பெயருக்கு நேராகக் கடைசிக் கட்டம் மட்டும் சிவப்பாக இருக்கும். பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதைப் போல தினமும் அங்கே போய்ப் பார்ப்பேன். மற்றவர்களுக்குப் பத்துப் பதினைந்து கட்டம் சிவப்பு, அவர்கள் நன்றாகத்தான் தூங்கினார்கள்.

அந்தக் கடைசிச் சோதனை இதுதான். கலங்கரை விளக்கத்தைக் கீழிருந்து உச்சி வரை ஒரு மனிதர் விழாமல் ஏற வேண்டும். எந்தக் கணத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று எமுலேட்டர் பதிவு செய்யும். அந்தப் பதிவை தராசு அசல் பெட்டிக்கும் கொடுப்பார். இரண்டிலும் ஆள் விளக்கை ஏற்றினால் தேர்ச்சி. பதிவு அவரவர் தரப்பிலிருந்து புதிதாக வர வேண்டும் என்பது அவர் விதி. நான் ஒன்பதாவது மாடிக்கு மேல் போனதில்லை. பதினேழுக்குப் போகிற கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

குடையைச் சும்மா நிறுத்தி வைக்க முடியாதா என்று கேட்பீர்கள். டிக்கை எடுத்தாலும் அந்த ஒரு ஃபிரேம் காத்திருப்பு உள்ளே இருந்துகொண்டேதான் இருந்தது, ஏழு வருடத்துக்கு முன்பு கற்றுக்குட்டியாக நான் எழுதிய விதம் அப்படி. தாமதமில்லாத குடையைப் புதிதாக எழுத மூன்று வாரம் பிடிக்கும். வேறொருவருடைய எமுலேட்டர் இருநூற்றுப் பன்னிரண்டைத் தொடப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. தராசு அடுத்த பட்டியலை வெள்ளிக்கிழமை வெளியிடுவதாக இருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை சுண்டு வீட்டுக்கு வந்தான். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

"ஒரு ஃபிரேமுக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? குடையத் தூக்கிக் கடாசிடேன்."

"அப்புறம் நீ எப்படி ஆடுவ?"

"நான் ஆடல. ஏழு வருஷம் ஏறியாச்சு, போதும். உன் பேரு மேல வரட்டும்ணா. நான் பக்கத்துல உக்காந்து கண்ண மூடிக்கிட்டு விசில் அடிக்கிறேன்."

அவன் அப்படித்தான். கேட்காமலே கொடுத்துவிடுவான். ஆனால் அவன் கொடுத்தது எனக்கு உதவாது. அவன் ஆடாவிட்டால் பதிவு ஏது. "கடாசவெல்லாம் வேண்டாம், குடையோடவே தாமதத்தச் சரி பண்ணப்போறேன். வியாழக்கிழமை தரேன், நீ ஏறு" என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கினான். விலா எலும்பு வலித்தது.

அன்று அதைச் செய்துவிடலாம் என்றுதான் உண்மையாக நினைத்தேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் லீவு போட்டு உட்கார்ந்தேன். வரவில்லை. புதன் மாலை குடையை மொத்தமாகப் பிடுங்கி எடுத்தேன். கட்டத்தை மட்டும் மெனுவில் விட்டுவைத்தேன், டிக்கோடு. எங்கள் வேலையில் இது சகஜம். பொத்தானை முதலில் வைத்துவிடுவோம், பின்னால் உள்ள வேலையைப் பிறகு பார்த்துக்கொள்வோம். யாரையும் ஏமாற்றுவதற்காகச் செய்வதில்லை.

வியாழன் காலை அவனுக்கு அனுப்பினேன். அவன் மனைவி வேலைக்குப் போய்விட்டாள். நான் ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் கயிறு மாற்றிக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று தடவை அவனுக்குச் செய்தி போட்டேன், முடிந்ததா என்று. பதில் இல்லை. ஒரு மணிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை.

ஆம்புலன்சுக்கு நான் பேசிய நேரம் உங்கள் ஃபைலில் இருக்கிறது. அவர்கள் வந்த நேரமும் இருக்கிறது. இடையில் பதினொரு நிமிடம். அதில் நான் என்ன செய்தேன் என்பது இல்லை.

அவன் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே குப்புறக் கிடந்தான். முகம் அவன் மனைவி போட்டு வைத்த தலையணைக்குள் புதைந்திருந்தது. அடிபடக்கூடாது என்று போட்ட தலையணை. திருப்பிப் போட்டேன். மூச்சில்லை. திரையில் அந்தச் சின்ன ஆள் உச்சியில் நின்றிருந்தான், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி ஒரு பென் டிரைவில் எடுத்தேன். குடை உள்ள பழைய எமுலேட்டரை அவன் கம்ப்யூட்டரில் திரும்பப் போட்டேன். பிறகு அவன் வலது கட்டைவிரலைப் பிடித்து அவன் ஃபோனைத் திறந்தேன். விரல் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இரண்டு செய்திகளை அழித்தேன். மிச்சமிருந்த நேரம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அதை நான் வேஷத்துக்குச் செய்யவில்லை மேடம். அப்படி அழுததில்லை, அம்மா போனபோதுகூட.

மருத்துவமனையில் அவன் மனைவி ஓடி வந்தாள், சீருடையோடு. அவளைப் பார்த்ததும் என் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "இன்னைக்கு மாத்திரை போட்டானாம்மா?" அவ்வளவுதான் கேட்டேன். அண்ணன்காரன் கேட்கக்கூடிய கேள்விதான். அவள் அப்படியே நின்றுவிட்டாள். "டப்பாவுல வச்சேனே மாமா. வச்சேன்தானே?" என்றாள்.

வீட்டில் டப்பாவைப் பார்த்தோம். வியாழக்கிழமை அறை திறந்து, காலியாக இருந்தது. அவன் எடுத்துப் போட்டுக்கொண்டதால் காலியாக இருக்கலாம். அவள் வைக்க மறந்ததால் காலியாக இருக்கலாம். இரண்டுக்கும் பார்வைக்கு ஒரே தோற்றம்தான்.

மறுநாள் அவனை அனுப்பி வைத்தோம். திரும்பி வந்து குளித்துவிட்டு, பதிவை தராசுக்கு அனுப்பினேன். மாலையில் கடைசிக் கட்டம் பச்சையானது. எமுலேட்டரைச் சோதித்தவர்கள் வரிசையில் அவன் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன்.

அந்தப் பதிவை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். பதினேழாவது மாடித் தாவல், சரியாக அந்த ஒரு ஃபிரேமில் அழுத்தியிருக்கிறான். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு விளக்கை ஏற்றினான். அந்த விளக்கு பற்றும்போது வரும் வெளிச்சம்தான் ஆட்டத்திலேயே பெரியது, திரை முழுக்க ஆறு விநாடி விட்டு விட்டு அடிக்கும். பன்னிரண்டு மணி பத்தொன்பது நிமிடத்துக்கு ஏற்றியிருக்கிறான். அதற்குப் பிறகு நான் வந்து நிறுத்தும் வரை நாற்பத்தொரு நிமிடம் பதிவில் ஒரு பொத்தான்கூட அழுத்தப்படவில்லை.

எட்டு மாதமாக அவன் மனைவி ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறாள். மிச்சமிருக்கும் மாத்திரைகளை என் எதிரில் கொட்டி எண்ணுகிறாள். எத்தனை வாங்கினோம், எந்தத் தேதி, எத்தனை போயிருக்க வேண்டும். கணக்கு ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் வருகிறது. அவள் நம்புவதில்லை. வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஆள் பாதியாக இளைத்துவிட்டாள். போன வாரம் எண்ணி முடித்துவிட்டுச் சொன்னாள், "நான்தான் மாமா அவரக் கொன்னுட்டேன். நீங்க மட்டும்தான் ஒரு வார்த்தைகூட என்னத் திட்டல. நீங்க நல்லவங்க."

அதனால்தான் வந்தேன். அவளுக்குச் சொல்லிவிடுங்கள். என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அழித்த இரண்டு செய்தியும் என் ஃபோனில் இருக்கின்றன. நானே படித்துவிடுகிறேன்.

வியாழக்கிழமை, பதினொன்று பத்து. சுண்டு. "அண்ணா, மாத்திரை போட்டாச்சு, டீ குடிச்சாச்சு, நல்ல பிள்ளையா உக்காந்திருக்கேன். கை சும்மா பறக்குது, தாமதமே இல்ல. ஆனா முதல் மின்னல்லயே கண்ணு கூசுச்சு. குடை வேலை செய்யுதான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லு. நீ சொல்ற வரைக்கும் நிறுத்தி வச்சிருக்கேன்."

அவன் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ஆறு நிமிடம் பதில் போடவில்லை. லிஃப்டின் மேல்கூரையில் நின்றுகொண்டு ஃபோனைப் பார்த்தபடி இருந்தேன். ஆறு நிமிடத்தில் எல்லாவற்றையும் யோசித்தேன். ஏழு வருடமாக ஒன்றும் வரவில்லை. மாத்திரை போட்டிருக்கிறான். ஒரு மணி நேர வேலை. ஒன்றும் ஆகாது. ஆகலாம் என்பதையும் யோசித்தேன்.

பதினொன்று பதினாறு. நான். "வேலை செய்யுது. பாத்துட்டேன். தைரியமா ஏறு."

தெரிந்துதான் எழுதினேன். கைதவறி இல்லை, அவசரத்தில் இல்லை. என் தம்பியை நான்தான் கொன்றேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. குடையைப் பிடுங்கிய அந்த எமுலேட்டரைத்தான் இணையத்திலும் போட்டேன், இதுவரை முப்பதாயிரம் பேர் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார்கள். அதன் மெனுவில் குடை இருக்கிறது, டிக்கோடு. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று யாராவது கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன். கண் கூசுகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள், அதில் ஒருத்தி பள்ளிக்கூடப் பெண் என்று நினைக்கிறேன். வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள் என்று பதில் போட்டேன்.

பழைய குடை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. திரும்ப மாட்டுவதற்குக் கால் மணி நேரம் போதும், யாருடைய அனுமதியும் வேண்டாம். இன்று காலை இங்கே கிளம்பும் முன்கூட அதைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை. மாட்டினால், என் தம்பி எனக்காகச் சம்பாதித்துக் கொடுத்தது மறுபடியும் இருநூற்றுப் பதினொன்று ஆகிவிடும்.